வயிற்றுப்போக்கும் ஓ.ஆர்.எஸ்.ஸும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அரசு மருத்துவமனை குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செவிலியர் பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறேன். வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச்சர்க்கரைக் கரைசல் பற்றி மட்டும் கேளுங்கள், மற்றதற்கு அந்தந்த ஆளிடம் போங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை துவண்டு கிடந்தாலோ, எழுப்பினால் எழாமல் இருந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இங்கே கேள்வி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

கேள்வி (தேனி, 8 மாதக் குழந்தையின் அம்மா): நேற்றிலிருந்து ஐந்தாறு தடவை தண்ணியாகப் போகிறாள். அரை டம்ளர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் போட்டுக் கலந்து கொடுக்கிறேன், உடனே வாந்தி எடுத்துவிடுகிறாள். சரியாகத்தான் கொடுக்கிறேனா சிஸ்டர்?

இல்லைம்மா. முதலில் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கும், சின்ன பாக்கெட் என்றால் 200 மில்லிக்கு என்று இருக்கும். லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுதாக நிரப்பி, பாத்திரத்தில் ஊற்றி, பாக்கெட்டை ஒரு ஓரமாக வெட்டி, மூலையில் ஒட்டியிருக்கும் தூள் உட்பட மொத்தத்தையும் கொட்டிக் கலக்குங்கள். ஆறவைத்த காய்ச்சிய தண்ணீர் நல்லது. கண்ணளவுக்குக் கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று போட்டால் உப்பு கூடிவிடும். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறும், அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். மிச்சம் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள், 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

அப்புறம் வாந்தி. தாகத்தில் குழந்தை வாயைத் திறக்கிறது என்று மடமடவென்று ஊற்றினால் வயிறு தாங்காது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு பாலாடையிலோ ஸ்பூனிலோ இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வாய். கை வலிக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி உள்ளே போக வேண்டும், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் 100 முதல் 200. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம் எது வழக்கமாகச் சாப்பிடுகிறாளோ அதையும் கொடுங்கள். வயிற்றைக் காயப்போடக் கூடாது.

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு அப்படியே நின்று மெதுவாக இறங்கினாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, உச்சிக்குழி பள்ளமாகியிருந்தாலோ வீட்டு வைத்தியத்தின் எல்லை முடிந்தது. எதுவும் இல்லாவிட்டாலும் எட்டு மாதக் குழந்தை, இன்றைக்கே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அக்கா, மருத்துவத்தில் புதுமை பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். எல்லாரும் ரோபோ அறுவை சிகிச்சை, ஏ.ஐ. என்று எழுதுகிறார்கள். ஓ.ஆர்.எஸ். பற்றி எழுதலாமா? உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்தானே?

தாராளமாக எழுதுங்கள் தம்பி, இதற்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கமே எழுதியது.

காலரா வந்தவரின் குடல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும், வெறும் தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே போய்விடும். ஆனால் குடல் சுவரில் ஒரு கதவு மட்டும் பழுதாவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால் அது திறக்கும், அவை போகிற வழியில் தண்ணீரும் பின்னால் போகும். இந்த ஜோடிக் கணக்கை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியல் அறிஞர் 1960-இல் சொன்னார். அதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி காலரா நோயாளிகள் 186 பேருக்கு வாய்வழியாகவே நீர் கொடுத்து லான்செட்டில் எழுதியிருந்தார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், நோயாளியிடமிருந்து எவ்வளவு வெளியே போகிறதோ அதை அளந்து அவ்வளவு கரைசலை உள்ளே கொடுத்தால் நரம்பு வழியாக ஏற்றும் திரவம் பெரும்பகுதி மிச்சமாகிறது என்று காட்டினார்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. சாமானியர் கையில் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டால் அன்றைக்குப் பெரிய டாக்டர்கள் தலையை ஆட்டியிருக்க மாட்டார்கள்.

1971-இல் வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள், முகாம்களில் காலரா. எல்லை ஓரத்தில் பன்காவ் மருத்துவமனையில் திலீப் மகலநபிஸ் என்ற குழந்தை மருத்துவர். தரை முழுக்க நோயாளிகள், நரம்பில் ஏற்றுகிற பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களே பிடித்துக் கொடுங்கள் என்றுவிட்டார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022-இல் அவர் காலமானார், அடுத்த வருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கட்டுரையில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். கலவை ஏற்கெனவே தெரிந்ததுதான். வைத்தியத்தை டாக்டர் கையிலிருந்து எடுத்து நோயாளியின் அம்மா கையில், அண்ணன் கையில் கொடுத்தார் பாருங்கள், புதுமை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (சேலம்): எனக்குச் சர்க்கரை வியாதி. பேதியானால் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா?

பேதி ஆகும்போது குடிக்கலாம். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், நீரிழப்பு அதைவிட ஆபத்து. சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே இருங்கள், மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். வெயிலுக்கு என்று தினமும் குடிப்பது வேண்டாம். சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி (மதுரை): ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் பவுடர்?

ஸ்பூன் கணக்கே கிடையாது. முழு பாக்கெட், அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீர் முழுதாக. தேனி அம்மாவுக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், விழுப்புரம்): பவுடர் பாக்கெட்டை யாரும் கேட்பதில்லை மேடம். அட்டை டப்பாவில் வரும் ஆப்பிள், ஆரஞ்சு ருசியைத்தான் கேட்கிறார்கள். அதிலும் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுத்தானே வந்தது? பிள்ளைகள் குடிக்கிறதே என்று நாங்களும் கொடுத்தோம்.

போட்டு வந்தது, அதுதான் அநியாயம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. ருசிப் பானங்களில் சர்க்கரை இதைப்போல் பல மடங்கு, உப்பு மிகக் குறைவு. குடலுக்குள் சர்க்கரை அதிகமானால் அது உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும், போக்கு கூடும். தண்ணீர் வற்றிப்போன குழந்தைக்கு இதைக் கொடுப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்து வரவே கூடாது என்று உத்தரவு போட்டது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். பவுடர் பாக்கெட்டைக் கண்ணில் படுகிற மாதிரி கல்லாப் பக்கத்தில் வையுங்கள், கொடுக்கும்போது எவ்வளவு தண்ணீர் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் சொல்கிற அந்த ஒரு வரியில் ஒரு குழந்தை பிழைக்கும்.

கேள்வி (பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்): எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் தேறுகிறது. என் அப்பாவுக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார்ந்தார். ஒரு நாள் லீவு போட்டால் கூலி போச்சு, இதில் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

கூலி விஷயம் எனக்குப் புரிகிறது தம்பி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு மயக்கம் வரும் அளவு வற்றியிருந்தால் ட்ரிப்ஸ்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நடந்து வந்து, பேசி, தண்ணீர் கேட்டுக் குடிக்கிற ஆளுக்கு ஊசி குத்தி ஏற்றுவது தேவையில்லாத செலவு. பாட்டிலில் இருப்பதும் தண்ணீரும் உப்பும்தான், சிலதில் சர்க்கரையும் சேரும். சத்து ஊசி ஒன்றும் கிடையாது.

(அதே நபர்): அப்படியானால் டாக்டர்கள் ஏன் ஏற்றுகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாதா?

நல்ல கேள்வி. கர்நாடகத்திலும் பீகாரிலும் தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று நோயாளி வேடத்தில் ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார்கள், 2024-இல் சயன்ஸ் இதழில் வந்தது. எதையும் விரும்பிக் கேட்காதவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தார்கள். அதையே விரும்புவதாகச் சொன்னவர்களுக்கு 55 சதவீதம். அதாவது டாக்டருக்குத் தெரியும், நமக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு எழுதாமல் விடுகிறார். அதனால் நீங்கள் வாயைத் திறந்து கேளுங்கள், "ஓ.ஆர்.எஸ். போதுமா சார்?" என்று.

(வேறொருவர், ஈரோடு): சிஸ்டர் சொல்வது ஏட்டுச் சுரைக்காய். ஊசி போடாத டாக்டரிடம் எங்கள் ஊரில் கூட்டமே வராது.

இது ஏட்டில் படித்ததா? எங்கள் வார்டில் ஓ.ஆர்.எஸ். மூலை என்று ஒரு பெஞ்சும் மேசையும் போட்டிருந்தோம். ஒரு குடம் கரைசல், டம்ளர், பாலாடை, எடை மிஷின். கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்குப் போட்டு நாலு மணி நேரம் அம்மாவை அங்கேயே உட்காரவைத்துக் கொடுக்கச் சொல்வோம். வரும்போது சோர்ந்து தோளில் சாய்ந்திருந்த பிள்ளை மத்தியானம் டம்ளரைப் பிடுங்கும். அதைப் பார்த்த அம்மா அடுத்த தடவை ட்ரிப்ஸ் கேட்க மாட்டாள். கூட்டம் வராது என்பதற்காகத் தேவையில்லாத ஊசியைக் குத்துவதை நான் எந்தக் காலத்திலும் சரி என்று சொல்ல மாட்டேன். இந்த விவாதம் போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (கோவை மாணவரே): இன்னொன்று அக்கா. இதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு, ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கியது. 1980-லிருந்து பத்து வருடம் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், வீட்டில் இருக்கிற உப்பும் வெல்லமும் தண்ணீரும் வைத்தே கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். அம்மாவே தன் கையால் கலக்க வேண்டும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார் என்பதை வைத்து இல்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதை வைத்துத்தான். நம் ஊரில் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் பாக்கெட் இலவசம், ஆனாலும் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி): பாக்கெட் இல்லாத நேரத்தில்?

ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, அதனால் அது மட்டும் போதாது. பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறிவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): மாமியார் தொக்கம் எடுக்கப் போகலாம் என்கிறார்.

போகாதீர்கள். வயிற்றில் சிக்கியதை எடுக்கிறேன் என்று குழந்தைக்கு ஊதியும் உறிஞ்சியும் பார்ப்பதில் எதுவும் வெளியே வருவதில்லை, வாயில் போவது மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து, போய்வருகிற நேரத்தில் உடம்பு இன்னும் வற்றும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், பாலாடையை அவர் கையில் கொடுத்து, "நீங்களே கொடுங்கள் அத்தை" என்று சொல்லுங்கள். பாட்டிகள் பொறுமையாகக் கொடுப்பார்கள்.

கேள்வி (சென்னை): முடி கொட்டுகிறது, என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (நாமக்கல்): அரை பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்கலாமா?

கூடாது. பாதி என்று கண்ணால் பிரிக்கிற தூளில் உப்பு எவ்வளவு வந்தது, சர்க்கரை எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. மேலே இரண்டு தடவை எழுதிவிட்டேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): இது வராமலே தடுக்க ஊசி உண்டா?

ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து உண்டு, 6, 10, 14 வாரங்களில் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். எல்லா வயிற்றுப்போக்கையும் அது தடுக்காது. சோப்பு போட்டுக் கை கழுவுவதையும் விடக் கூடாது.

கேள்வி (கரூர்): ஜிங்க் மாத்திரை பதினாலு நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த பதினாலு நாளும் கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி போக்கு வருவதைக் குறைக்கத்தான் அந்த மிச்ச நாட்கள். ஸ்பூனில் தாய்ப்பாலோ கரைசலோ விட்டு மாத்திரையைப் போட்டால் அதுவே கரையும்.