மைக்கில் நர்ஸ் சொன்னால் நகராத கூட்டம்

கேள்வி: விழிப்புணர்வு முகாம்களில் நோயிலிருந்து மீண்டவர்களைப் பேச வைப்பதால் நிஜமாகவே பயன் உண்டா, சும்மா உருக்கத்துக்கா?

உண்டு, ஆனால் உருக்கத்தால் இல்லை. கோத்தகிரிப் பக்கம் காசநோய் முகாம்களில் கூடமாட வேலை செய்பவன் நான், பார்த்ததைச் சொல்கிறேன்.

மார்கழி, தையில் எங்கள் ஊரில் இருமல் இல்லாத ஆளே கிடையாது. பனி என்பார்கள், இல்லாவிட்டால் டீ ஃபேக்டரி தூசி என்பார்கள், கஷாயத்தோடு விஷயம் முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளி டெஸ்ட் எடுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று நர்ஸ் மைக்கில் சொன்னால் தலையாட்டுவார்கள், ஒருத்தரும் எழுந்து வரமாட்டார்கள். ஒரு முகாமில், கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் எழுந்து, "மாத்திரை போட்டதும் மூத்திரம் செக்கச்செவேல்னு போச்சு, ரத்தம்னு பயந்து எல்லாத்தையும் தூக்கிப் போடப் பார்த்தேன், கடைசில அது மருந்தோட கலராம்" என்றார். ஒரே சிரிப்பு. அப்புறம் கேள்விகள் கொட்டின: வேலைக்கு எப்ப போனீங்க, புள்ளைங்கள பக்கத்துல படுக்க வச்சீங்களா, சத்துணவுக் காசு பேங்க்ல விழுதா (காசநோயாளிகளுக்கு அரசு தருவது, 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000). ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியும், ஆனால் எங்கள் போஸ்டர் எதிலும் அது இல்லை.

அமிதாப் பச்சனும் தனக்குக் காசநோய் வந்ததை வெளிப்படையாகச் சொன்னவர்தான். நல்ல விஷயம், ஆனால் டெஸ்டுக்குப் போனால் அன்றைய கூலி போச்சே என்ற கவலை அவருக்கு இருந்திருக்காதே.

ஜெயித்தவர்களை மட்டும் தேடாதீர்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம், இரண்டாவது மாதமே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் மாத்திரையை விடுகிறார்கள், மிச்சக் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுவதும் அப்படித்தான். "நடுவுல விட்டேன், திரும்ப வந்துடுச்சு" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால் அவரைத்தான் முதலில் பேச வைப்பேன்.

கல்யாணமாகாத பெண்களை மட்டும் தயவுசெய்து மேடையேற்றாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, கூடிவந்த வரன் தட்டிப்போனது. பெயரும் முகமும் இல்லாமல் குரலை மட்டும் போட்டாலே போதும், அதுவும் அவர் சம்மதித்தால்.

இன்னொன்று, கதை கேட்டு மனம் இளகியவர் கையில் அங்கேயே சளி டப்பாவைக் கொடுத்துவிடுங்கள், மறுநாள் காலை வீட்டுக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அனுப்பினால், பஸ்ஸுக்குக் காத்திருந்து அரை நாள் கூலியையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்?