ஒரே அச்சு, இரண்டு நிறம்: அபூர்வமா, வெயில் வேலையா?

கேள்வி: பிரேயர் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த பழைய பிளாஸ்டிக் குதிரை பொம்மைகள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, வெள்ளைப் பிடரி வைத்த பலோமினோ, அதாவது பொன்னிறக் குதிரை. ஒன்று அடர்ந்த தேன் நிறம், மற்றது வெளிறிய மஞ்சள். வெளிறியதுதான் அபூர்வ நிறம் என்று விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். நம்பலாமா? இரண்டிலும் வெள்ளைப் பகுதி பழுத்துப்போயிருக்கிறது. அதைப் போக்க முடியுமா?

பதில்: வெளிறியதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வயிற்றின் அடியிலும் தொடைகளின் உட்புறத்திலும் நிறம் அடர்த்தியாக இருந்தால், அது ஜன்னலோரம் நின்று வெளுத்த குதிரை. ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். எல்லா இடமும் ஒரே சீராக இளநிறமாக இருந்தால்தான் அது தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தது என்ற பேச்சுக்கு இடமுண்டு.

அப்போதும் அவசரப்படாதீர்கள். இந்தக் குதிரைகளுக்கு ஆட்கள் ஏர்பிரஷ் என்ற வண்ணத் தெளிப்பானைப் பிடித்துத்தான் வண்ணம் அடித்தார்கள். ஒரே நிறம் ஒரு கையில் அடர்த்தியாகவும் இன்னொரு கையில் லேசாகவும் விழும். வரிசையாக அடுக்கிப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்காக இரட்டை விலை கொடுப்பது என் கணக்கில் வீண்.

விலை கொடுக்கத் தகுந்த வேறுபாடுகள் வேறு. சிகாகோவில் இருந்த பிரேயர் நிறுவனம், ஒரு கடிகாரத்தை அலங்கரிக்கச் செய்த வெஸ்டர்ன் ஹார்ஸ் மூலம் 1950 வாக்கில் குதிரை பொம்மைத் தொழிலுக்குள் இறங்கியது. 1960களில் நிஜக் குதிரைக்கு இல்லாத நிறங்களில் சில அச்சுகளை வெளியிட்டது: வெட்ஜ்வுட் நீலம், புள்ளி விழுந்த நீலமான கோபன்ஹேகன், தங்க நிற கோல்டன் சார்ம், புள்ளி விழுந்த தங்கமான ஃப்ளோரன்டைன். அப்போது சரியாக விற்கவில்லை. இப்போது சேகரிப்பவர்கள் தேடி அலைவது இவற்றைத்தான். மரத்தின் ரேகை போல வண்ணமிட்ட உட்கிரெய்ன் வகைக்கும் நல்ல மதிப்பு. ஆனால் இந்த நிறங்கள் பிற்காலச் சிறப்பு வெளியீடுகளிலும் திரும்ப வந்திருக்கின்றன. அதனால் முத்திரையைப் படியுங்கள். பெரும்பாலும் பின்னங்காலின் உட்புறத்தில் பொறித்திருக்கும். அதில் ரீவ்ஸ் என்ற பெயர் இருந்தால், அந்த நிறுவனம் பிரேயரை வாங்கிய 1984க்குப் பிந்தைய குதிரை அது. 1960களின் சரக்கு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொரு வகை சாக்கி. 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வெள்ளை பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு. கிடைத்த நிற பிளாஸ்டிக்கில் குதிரையை வார்த்து, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, அதன்மேல் வண்ணம் போட்டார்கள். வழக்கமான குதிரையில் வெள்ளைக் கால், வெள்ளை நெற்றி எல்லாம் வண்ணம் படாத வெறும் பிளாஸ்டிக். சாக்கியில் அந்த இடம் கெட்டியான பூச்சாக இருக்கும். காது நுனியோ குளம்பின் ஓரமோ தேய்ந்திருந்தால் அடியில் வேற்று நிறம் எட்டிப் பார்க்கும். ஆனால் யாரோ வீட்டில் மறுவண்ணம் அடித்த குதிரையிலும் பூச்சு கெட்டியாகத்தான் இருக்கும். ஒட்டுக் கோட்டிலும் கண்ணோரத்திலும் தூரிகைத் தடமோ வழிந்த வண்ணமோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் விலகிவிடுங்கள்.

மஞ்சள் விஷயத்துக்கு வருவோம். இந்தக் குதிரைகளை வார்த்த பிளாஸ்டிக்கின் பெயர் செல்லுலோஸ் அசிடேட். வண்ணம் படாத இடத்தில் அது காலப்போக்கில், குறிப்பாக இருட்டில் அடைபட்டுக் கிடந்தால், பழுக்கும். வெளிச்சம் அதை ஓரளவு வெளுக்கும், ஆனால் அதே வெளிச்சம் தேன் நிறத்தையும் உறிஞ்சிவிடும். எனவே முழு வெள்ளைக் குதிரை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் வைக்கலாம், சூடேறாத இடமாக. உங்கள் பலோமினோக்களை வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். நகப்பூச்சு நீக்கியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் இந்த பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

சரி, வாங்கும் முன் மூக்கருகே வைத்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசம் வந்தால் பிளாஸ்டிக் உள்ளுக்குள் சிதையத் தொடங்கிவிட்டது, அந்த ஆவி பக்கத்தில் நிற்கும் குதிரைகளையும் கெடுக்கும். அப்படிப்பட்டதை என்ன நிறமானாலும் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். இரண்டிலும் வாசம் இல்லையென்றால் தேன் நிறத்தை எடுங்கள். வெளிறியது பிடித்திருந்தால் தேன் நிறத்தைவிடக் குறைந்த விலைக்குக் கேளுங்கள்.