மெட்டுக்கு முன்னால் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியர் ஒருவர் எழுதிய முதல் சிம்பொனி யமாதா கோசாக்குவுடையது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதைத் தேடிக் கேட்டேன். யாரோ ஒரு ஜெர்மானியர் எழுதியதுபோல் இருக்கிறது. அவருடைய புகழ்பெற்ற பாட்டு 'அகதொம்போ'வை (சிவப்புத் தட்டான்) கீபோர்டில் பத்து நிமிடத்தில் வாசித்துவிட்டேன். அழகுதான், ஆனால் குழந்தைப் பாட்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனிடமிருந்து எடுத்தது என்றும் சொல்கிறார்கள். போர்க்காலத்தில் அரசுக்குத் துணைபோனவர் என்றும் படித்தேன். இவரை எங்கிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

சிம்பொனி ஜெர்மானியமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? யமாதா 1910இல் பெர்லின் போனார். மாக்ஸ் புரூக்கிடமும் கார்ல் லியோபோல்ட் வோல்ஃபிடமும் படித்தார். 1912இல் எழுதிய அந்த எஃப் மேஜர் சிம்பொனி ஒரு மாணவனின் பயிற்சி. மறு வருடமே 'இருண்ட வாசல்', 'மந்தாரப்பூ' என்று இரண்டு சிம்பொனிக் கவிதைகள் (ஒரு கருவை இசையாலேயே சொல்லும் இசைக்குழுப் படைப்புகள்) எழுதினார். அவற்றில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்டிராஸின் செறிவு வந்துவிடுகிறது. யுவாசா தகுவோ இசைக்குழுவை நடத்த, நக்சோஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் இவை எல்லாம் இருக்கின்றன. சிம்பொனியோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து கேளுங்கள்.

ஷூமன் விஷயத்தை விடுங்கள். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக ஷூமன் எழுதிய ஓபஸ் 134 என்ற படைப்பில் ஒத்த ஒரு தொடர் வருவது உண்மை. அதை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. போர்க்கால இசை அமைப்புகளுக்கு யமாதா தலைமை தாங்கியதும் உண்மை. போர் முடிந்த அதே ஆண்டில் விமர்சகர் யமானே கின்ஜி அதற்காக அவரை வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது, அதை நான் மழுப்ப மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது 'கீபோர்டில் பத்து நிமிடம்' என்ற இடம்தான். வார்த்தையை எடுத்துவிட்டு யமாதாவின் பாட்டை வாசித்திருக்கிறீர்கள். ஒரு வாக்கியத்தின் நிறுத்தக்குறிகளை மட்டும் படித்துவிட்டு அதில் ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது இது.

ஜப்பானிய மொழியில் சொல்லுக்குள்ளேயே சுருதி உண்டு. தோக்கியோ வழக்கில் 'ஹஷி' என்பதன் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். 'அமெ'யில் முதல் அசை உயர்ந்தால் மழை, இரண்டாவது உயர்ந்தால் மிட்டாய். ஒரு சொல்லின் முதல் இரண்டு அசைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒருமுறை இறங்கினால் அந்தச் சொல்லுக்குள் மறுபடி ஏறாது. மெட்டும் இப்படித்தான் போக வேண்டும் என்பது யமாதாவின் பிடிவாதம்.

இப்போது உங்கள் குழந்தைப் பாட்டுக்கு வருவோம். சொற்கள் கவிஞர் மிகி ரோஃபூ 1921இல் எழுதியவை, மெட்டு 1927. மூன்று கால் தாளத்தில் எட்டே அடைப்பு (ஓர் அடைப்பு என்பது தாளத்தின் ஒரு சுற்று). ச ரி க ப த என்று நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள் மட்டும். ஆனால் மந்தர (கீழ்) பஞ்சமத்தில் தொடங்கி முதல் தொடர் முடிவதற்குள் தார (மேல்) சட்ஜத்தைத் தொட்டுவிடுகிறது. கீபோர்டில் இது விரலுக்குத் தெரியாது, தொண்டைக்குத் தெரியும். மூலச் சுருதி ஈ ஃபிளாட். கீழ்ப் பஞ்சமம் காற்றாகப் போகிறது என்று சுருதியை ஏற்றினால் மேல் சட்ஜம் கத்தலாகிவிடும். முதலில் மேல் சட்ஜத்தை மெதுவான குரலில் பாடிப்பாருங்கள், அது நிற்கும் இடத்தில் சுருதியை வையுங்கள்.

அதன் பிறகு வருகிறது 'அகதொம்போ' என்ற சொல். 'அ' தைவதத்தில் இருக்கிறது, அடுத்த 'க' சடாரென்று நடுச் சட்ஜத்தில் விழுகிறது. இன்றைய தோக்கியோக்காரர் அந்தச் சொல்லை அப்படிச் சொல்வதில்லை, 'அ'வைத் தாழ்த்தித்தான் தொடங்குவார். அதனால் மெட்டு தவறு என்றே சிலர் நினைத்தார்கள். பழைய தோக்கியோ வழக்கில் முதல் அசைதான் உயர்ந்தது என்று மொழியியலாளர் கிந்தாயிச்சி ஹருஹிகோ விளக்கினார். ஊர் மறந்துவிட்ட ஓர் உச்சரிப்பு அந்த மெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கே. உங்கள் கீபோர்டில் அது வெறும் தாவல்.

பாடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அசைகளைப் பிரித்து எழுதுங்கள்: அ, க, தொ, ம், போ. ஐந்து. நம் இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே 'ம்' ஒரு முழு அசை, மற்ற நான்குக்கும் கொடுக்கும் நேரத்தை அதற்கும் கொடுக்க வேண்டும். தமிழ் நாக்கு இங்கேதான் சறுக்கும், 'தொம்' என்று விழுங்கிவிடும். இன்னொன்று, 'அக'வை 'அகம்' என்பதில் வருவதுபோல் மென்மையாக்கக் கூடாது, 'அக்கா' என்பதுபோல் இரட்டிக்கவும் கூடாது. 'பக்கம்' என்பதில் உள்ள ககரத்தின் வன்மை, ஆனால் ஒற்றையாக. இசையில்லாமல் இருபது முறை சொல்லுங்கள். பிறகு மெட்டைச் சேருங்கள்.

இரண்டாவது வரியின் 'ஓவாரெதெ' என்பதற்கு 'துரத்தப்பட்டு' என்று பொருள் கொள்கிறவர்கள் ஜப்பானிலேயே உண்டு, ஒலி ஒன்றுதான். இங்கே 'முதுகில் சுமக்கப்பட்டு' என்பது பொருள். பதினைந்து வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போய்விட்ட தாதிப் பெண்ணின் முதுகிலிருந்து பார்த்த தட்டான் அது. குழந்தைப் பாட்டு என்றீர்கள்.

மெட்டு ஒன்று, பத்தி நான்கு. அதனால் யமாதாவின் விதி இந்தப் பாட்டிலேயே உடைகிறது. மூன்றாம் பத்தியில், 'அகதொம்போ' இருந்த அதே இடத்தில் 'யொமெ' (மணப்பெண்) வருகிறது. பேச்சில் 'யொ' தாழ வேண்டும், மெட்டோ அதை உயர்த்துகிறது. அவருக்கு இது தெரியாதா என்ன? 1925இலேயே, கவிஞர் கிதாஹாரா ஹகுஷூவின் சொற்களுக்கு 'கராதாச்சியின் பூ' அமைத்தபோது, இதற்கு விடை கண்டிருந்தார். அதில் ஆறு பத்திகள். ஒவ்வொன்றிலும் மெட்டு சொல்லுக்கேற்ப நெளிகிறது. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். தாளமும் மூன்று காலுக்கும் இரண்டு காலுக்கும் மாறி மாறிப் போகிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்துக்கொண்டு இதைப் பழகுகிறவர்கள் இரண்டு கால் அடைப்பில் ஒரு காலைத் தாங்களாகக் கூட்டிக்கொள்வார்கள். அங்கே பேச்சு அறுந்துவிடும்.

கராதாச்சி என்பது முள்வேலிச் செடி. வெள்ளைப் பூ, இலையுதிர் காலத்தில் பொன்னிற உருண்டைக் காய். தகப்பனை இழந்த சிறுவன் யமாதா அச்சகத்தில் வேலை செய்தபடி இரவுப்பள்ளியில் படித்தான். பெரியவர்கள் அடித்தால் அந்த வேலியோரம் ஓடிப்போய் அழுவான். அதைக் கேட்டறிந்துதான் ஹகுஷூ, வேலியருகே அழுதேன், எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்ற ஐந்தாம் பத்தியை எழுதினார். அந்த இடத்தைச் சத்தமாகப் பாடுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

யமாதா இசைக்குழு நடத்தியதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 1918இலும் 1919இலும் நியூயார்க் கார்னகி அரங்கில் தன் படைப்புகளை நடத்தினார். 1925இல் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரிலிருந்து ரஷ்யக் கலைஞர்களை வரவழைத்து ஜப்பானியரோடு ஒரே மேடையில் உட்காரவைத்தார். மறு வருடம் கொனொயே ஹிதெமாரோ பிரிந்து போய்த் தொடங்கிய குழுதான் இன்றைய என்எச்கே (ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம்) சிம்பொனி இசைக்குழு. யமாதாவின் கையெழுத்துப் பிரதிகளில் பல 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்தன. பாட்டுகள் அச்சாகி ஊரெங்கும் பரவியிருந்ததால் தப்பின.

'கராதாச்சி'யிலிருந்து தொடங்குங்கள். சொற்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கீபோர்டை ஒரு வாரம் மூடி வையுங்கள்.