மக்காச்சோள மாவு கொடுத்த பின் பசுவுக்குப் பால் குறைந்தது ஏன்?

கேள்வி: என் கலப்பினப் பசு வைக்கோலும் பசும்புல்லும் தின்று நன்றாகக் கறந்து வந்தது. பால் கூடும் என்று நான்கு நாட்களாகத் தினமும் 3 கிலோ மக்காச்சோள மாவு வைக்கிறேன். இப்போது பால் குறைந்துவிட்டது. சாணம் இளகிப் புளிப்பு வாடை அடிக்கிறது. அசை போடுவதும் குறைந்துள்ளது. மாவில் ஏதும் கோளாறா?

பதில்: தாங்கள் குறிப்பிடும் அறிகுறிகளைப் பார்த்தால், மாவு கெட்டிருப்பதைவிட, அதைப் பழக்காமல் ஒரேயடியாகக் கொடுத்ததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பசு தின்னும் வைக்கோலின் நாரைச் செரிப்பது பசுவின் சொந்தச் சுரப்புகள் அல்ல, அதன் பெருவயிற்றில் (இரைப்பையின் முதல் பெரிய அறையில்) வாழும் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்களே. ஆகவே தீவனத்தை மாற்றும்போது முதலில் அவற்றின் உணவைத்தான் மாற்றுகிறோம்.

உணவு மாறினால் பாக்டீரியா உடனே வேலையைத் தொடர்வதில்லை. குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த கரைசலில் எஷரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவை வளர்த்த பிரெஞ்சு அறிவியலாளர் ஜாக் மோனோ, அது குளுக்கோஸை முதலில் தின்று தீர்த்து, சிறிது நேரம் வளராமல் நின்று, லாக்டோஸைச் சிதைக்கும் நொதியை உருவாக்கிக்கொண்ட பிறகே மீண்டும் வளர்ந்ததை 1940-களின் தொடக்கத்தில் விளக்கினார். ஒரே இனத்துக்கே இத்தகைய இடைவெளி தேவைப்படும்போது, பல இனங்கள் சேர்ந்து வாழும் பெருவயிற்றுக்கு இன்னும் அதிகக் காலம் தேவைப்படுவது இயல்பே.

தங்கள் பசுவின் வயிற்றில் நடந்திருக்கக்கூடியது இதுதான். மாவுச்சத்து திடீரெனக் குவிந்ததும், அதை வேகமாகத் தின்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியா பெருகி, வழக்கமான மென்மையான அமிலங்களுக்குப் பதிலாக, அவற்றைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிய லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கும் மெகாஸ்பேரா எல்ஸ்டெனி போன்ற பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகுவதால் அமிலம் தேங்குகிறது. பொதுவாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும் பெருவயிற்றின் கார அமில நிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்குக் கீழே இறங்கினால், நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைப்படும்; அதனால் தின்ற வைக்கோலும் சரியாகச் செரிக்காமல் போகும். அமிலம் மேலும் ஏறினால் இறக்கும் பாக்டீரியாக்களிலிருந்து நச்சுப் பொருள்கள் வெளியேறும்; குளம்பு வீக்கம் வரை இது கொண்டுபோய் விடுவதுண்டு.

இன்றே மாவை நிறுத்தி, நல்ல வைக்கோலும் வேண்டிய அளவு தண்ணீரும் வையுங்கள். சமையல் சோடா கொடுப்பது வழக்கம்தான் என்றாலும், அளவைப் பசுவின் எடையையும் நோயின் கடுமையையும் பார்த்துக் கால்நடை மருத்துவரே சொல்ல வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து மருந்தை வாயில் வேகமாக ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் முதலில் வந்த நோயைவிட அது பெரிய ஆபத்து. பசு எழ மறுத்தாலோ, கண்கள் குழிந்தாலோ, அசை போடுவது முற்றிலும் நின்றாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள், ஏனெனில் அப்போது இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

பசு முழுமையாகத் தேறிய பின் மக்காச்சோளம் கொடுக்க விரும்பினால், நாளொன்றுக்கு 250 கிராமில் தொடங்கி, சாணத்தைக் கவனித்துக்கொண்டே இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை 250 கிராம் கூட்டுங்கள். காலை, மாலை எனப் பிரித்து, வைக்கோல் தின்ற பிறகே மாவை வையுங்கள். நார் தின்னும் பசு அதிகம் அசை போடும். அப்போது ஊறும் உமிழ்நீரே அமிலத்தைத் தணிக்கும். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரே வேளையில் கொட்டினாலும் இதே கேடு நேரும் என்பதை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.