கண்ணை மூடும் பையன்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கண்டியில் இருக்கிறேன். பாடசாலைக் காலத்திலிருந்து 16 வருஷம் ரக்பி விளையாடினேன், சென்டர் இடத்தில். போன வருஷம் முழங்கால் போய்விட்டது. இனி வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்குப் பயிற்றுவிப்பாளராகப் போகிறேன். இரண்டு மாதமாகிறது, சரிவரவில்லை. ஒரு பையன் பந்தோடு ஓடிவருபவனைப் பிடித்து விழுத்தும்போது, அதாவது டேக்கிள் செய்யும்போது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். எனக்கு டேக்கிளில் ஒருநாளும் பயம் இருந்ததில்லை. பத்துத் தரம் செய்துகாட்டினேன், பலனில்லை. இடதுபக்கம் பாஸ் கொடுக்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது. அதை மட்டும் பிள்ளைகள் என்னிடம் லேசாகப் படிக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரன் நல்ல பயிற்றுவிப்பாளன் ஆகமாட்டான் என்பது உண்மைதானா? விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

க., கண்டி

அன்புள்ள க.,

விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அந்த இடதுபக்கப் பாஸ் பற்றிய வரியில். அதற்கு வருமுன் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டக்காரராக அவரை உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ரோனன் ஓ'காரா. அயர்லாந்தின் கார்க் நகரத்தில் வளர்ந்தவர். பத்தாம் எண் சட்டை, அதாவது ஆட்டத்தை நடத்துபவரின் இடம். அயர்லாந்துக்காக 128 ஆட்டங்களில் 1083 புள்ளிகள் எடுத்தவர். உதைப்பதில் அவர் கால் அப்படி. டேக்கிளில்தான் வம்பு. எதிரணிகள் தங்களிடம் உள்ள பெரிய உருவங்களை வேண்டுமென்றே அவர் நிற்கும் பக்கமாக ஓடவிடுவார்கள். மெலிந்த சுவர் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2009-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21, கார்டிஃப். வேல்ஸ் 15, அயர்லாந்து 14. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். பீட்டர் ஸ்ட்ரிங்கர் பின்னால் எறிந்த பந்தை வாங்குகிறார் ஓ'காரா. வேல்ஸ்காரர்கள் கையை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். பந்தைத் தரையில் விட்டு, அவர்கள் கைக்கு எட்டாதபடி உயரத் தூக்கி கம்பங்களுக்கு நடுவே உதைக்கிறார், மூன்று புள்ளி தரும் டிராப் கோல். 17-15. 61 ஆண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்துக்குக் கிராண்ட் ஸ்லாம், அதாவது தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்ற பெருமை, கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 27, பிரிட்டோரியா. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்காவோடு மோதுகிறது. ஓ'காரா மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். தென்னாப்பிரிக்காவின் ஜாக் ஃபூரி ஓடி வருகிறார், ஓ'காராவின் டேக்கிள் நிற்கவில்லை, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ட்ரை. அப்புறம் 25-25. கடைசி நிமிடத்தில் பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தைச் சமனில் முடித்திருக்கலாம். அவர் உயரே தூக்கி உதைத்துவிட்டு அதைத் துரத்திக்கொண்டு ஓடி, பந்துக்காக எழும்பிய இன்னொரு தென்னாப்பிரிக்கரான ஃபூரி டு பிரீயை அந்தரத்திலேயே இடித்துவிடுகிறார். பெனால்டி. 50 மீட்டருக்கும் அப்பாலிருந்து தென்னாப்பிரிக்காவின் மோர்னே ஸ்டெயின் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போகிறது. 28-25. லயன்ஸுக்குத் தொடரும் போயிற்று. அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இடித்துவிட்டுத் திரும்பும் அந்த மனிதரின் முகத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

2013-இல் ஓய்வு பெற்றார். அயர்லாந்தில் அவர் ஆடிய மன்ஸ்டர் அணியில் அவருக்குச் சிலை வைக்கத் தயாராக இருந்தார்கள் என்றே சொல்லலாம். அந்த அணிக்காக இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் வென்றவர். அவரோ பாரிஸுக்குப் போனார், ரேசிங் அணியில் உதவிப் பயிற்சியாளராக. வேற்று நாடு, வேற்று மொழி. முதலில் உதைக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னால் அவர் கைக்கு வந்தது எது தெரியுமா? தடுப்பாட்டம். எந்த வேலையில் ஊரே அவரைக் குறை சொன்னதோ, அந்த வேலை. 2016-இல் ரேசிங் பிரெஞ்சு சாம்பியன் ஆனபோது அவரும் அங்கே இருந்தார்.

டேக்கிள் இயல்பாக வந்த ஆளிடம் கேட்டால் 'போய் இடி' என்பார், வேறென்ன சொல்வார். அது வராத ஆளுக்குத்தான் கால் எந்த இடத்தில் நிற்கவேண்டும், தோள் எப்போது இறங்கவேண்டும், பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு தூரத்தில் இருந்தால் தன் பலவீனம் மறையும் என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அத்தனையையும் அவர் யோசித்து யோசித்துச் சேர்த்தாக வேண்டியிருந்தது. இது என் கணிப்புதான், ஆனால் இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. 2018-இல் நியூசிலாந்துக்குப் போய் க்ரூசேடர்ஸ் அணியில் ஸ்காட் ராபர்ட்சனுக்குக் கீழே மறுபடி உதவியாளர் ஆனார். 2019-இல் பிரான்ஸின் லா ரோஷெல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அட்லாண்டிக் கரையில் ஒரு துறைமுக ஊர், பெரிய கோப்பை எதையும் தொட்டிராத அணி. 2021-இல் இரண்டு இறுதிப் போட்டிகளுக்குப் போய் இரண்டிலும் துலூஸிடம் தோற்றார்கள். 2022-இல் மார்செய்யில், ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரு ட்ரையில் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியை 24-21 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள். அடுத்த ஆண்டு அதே லென்ஸ்டர், அவர்கள் சொந்த ஊரான டப்ளினில். அன்று இரவு போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 12 நிமிடத்துக்குள் 17-0. அணைத்துவிட்டுப் படுக்கலாமென்று நினைத்தேன். லா ரோஷெல்காரர்கள் பதறவே இல்லை. தெரிந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள், 27-26 என்று முடித்தார்கள். 17 புள்ளி பின்தங்கியும் அப்படி ஆடப் பழக்கியவர் பிரிட்டோரியாவில் பதறிய அதே மனிதர்தான்.

குறையில்லாதவர் அல்ல. நடுவர்களோடு மோதிப் பல வாரங்கள் தடை வாங்கியிருக்கிறார். அதை நான் ஏற்கமாட்டேன். மைதான ஓரத்தில் பெரியவர் கத்தினால் உள்ளே ஆடும் பிள்ளைகளும் கத்துவார்கள்.

இப்போது உங்கள் பையனிடம் வருவோம். பத்துத் தரம் செய்துகாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பதினோராவது முறை காட்டவேண்டாம். பயமில்லாத உடம்பைத்தான் அவன் பார்க்கிறான். தன்னிடம் இல்லாததைப் பார்த்து இன்னும் பயப்படுகிறான். உங்களோடு ஆடியவர்களில் டேக்கிளுக்கு நடுங்கி, மெல்லமெல்லத் தேறிய ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை ஒரு மாலை கூட்டிவந்து பையனோடு பேசவிடுங்கள். அடுத்து, பையனையும் இன்னொரு பிள்ளையையும் எதிரெதிரே முழங்காலில் நிறுத்துங்கள். ஓட்டம் வேண்டாம், மோதலும் வேண்டாம். எதிரில் இருப்பவனின் இடுப்பைக் கண்ணால் பார்த்தபடி தோளை வைத்து, தலையை எதிராளியின் உடம்புக்குப் பின்பக்கமாக ஒதுக்கிச் சாய்க்கட்டும். பிறகு நடந்து வருபவனை, பிறகு மெதுவாக ஓடி வருபவனை. கண்ணை மூடினால் தலை முன்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும், கழுத்துக்கு ஆபத்து. அதனால் கண் திறக்கும்வரை அவனை முழு ஆட்டத்தில் இறக்காதீர்கள், அணிக்கு ஆள் குறைந்தாலும் சரி.

இடதுபக்கப் பாஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு வருஷத்தில் எந்த விரல் எங்கே வழுக்கியது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிக் கஷ்டப்பட்டுக் கற்ற வேறு என்னென்ன உண்டு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பையன் கண்ணைத் திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.