இவ்வளவு வீதி போட்டும் கொழும்பில் வேலைக்குப் போய்வரும் நேரம் ஏன் குறையவில்லை?

போட்டதெல்லாம் கொழும்பின் வாசலோடு நின்றுவிடுகிறது, அதனால்தான். தெற்கு அதிவேகப் பாதை 2011இல் திறந்தது நகருக்கு வெளியே, கொட்டாவையில். 2013இல் வந்த கட்டுநாயக்கப் பாதையும் நகர வாசலோடு சரி. காலியிலிருந்து கொட்டாவை மாகும்புர பஸ் நிலையத்துக்கு அதிவேக பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். இறங்கி 138 இலக்க பஸ்ஸில் ஏறினால் நகர நடுவிலுள்ள புறக்கோட்டைக்கு இருபது கிலோமீற்றர்தான், காலையில் அதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். மேம்பாலமும் அப்படித்தான். ராஜகிரியவில் 2018இல் திறந்த பாலத்தில் ஏறி இறங்கும் வாகனம், ஆயுர்வேதச் சந்தி சிக்னலில் போய் நிற்கிறது.

மாலபே பக்கம்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். அங்கே ரயில் பாதையே இல்லை. 177, 190 என்று பஸ்ஸை நம்பித்தான் எல்லாம். மாலபே–கோட்டை இலகு ரயிலுக்கு (15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள்) 2019இல் ஜப்பான் கடன் ஒப்பந்தமானது: வட்டி 0.1 வீதம், 40 வருடத் தவணை, முதல் 12 வருடம் அசலைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. செலவுக்கேற்ற பயன் இல்லை என்று 2020இல் அதை நிறுத்தினார்கள். அதே கணக்கை அதிவேகப் பாதைகளுக்கும் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சரி, அவ்வளவு காசு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சிறு செலவில் முதலில் தொட வேண்டியது தனியார் பஸ் ஓடும் முறை. பெர்மிட் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனி. நாள் முடிய முதலாளிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும்; டீசல் போக மிச்சம்தான் சாரதிக்கும் கண்டக்டருக்கும். ஆகவே ஆள் நிறையும்வரை தரிப்பிடத்தில் ஊர்வார்கள், பின்னால் அதே இலக்க பஸ்ஸைக் கண்டதும் பறப்பார்கள். டைம்கீப்பர் புறப்படும் நேரத்தை எழுதித் துண்டு கொடுத்தாலும் இதுதான் நடக்கும். மாற்று வழி, ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் கொடுப்பது: டிக்கெட் காசு போக்குவரத்து அதிகாரசபைக்கு, ஜிபிஎஸ் பதிவுப்படி கொடுப்பனவு முதலாளிக்கு, தவறிய ஓட்டத்துக்குக் கழிவு. ஆனால் காசுக்குப் பதில் கார்டில் கட்டும் முறை சரியாக வராமல் இதைத் தொடங்கினால் டிக்கெட் காசு வழியிலேயே கரைந்துவிடும். ஒற்றை பஸ் முதலாளிகளை வழித்தடவாரியாக ஒரு கம்பனியாக்காமல் ஒப்பந்தம் எழுதவும் முடியாது. அரசின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் அதே நேர அட்டவணைக்குள் வர வேண்டும். இழுபறி பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது களனிவெளி ரயில் பாதை. நுகேகொடை, மஹரகம, ஹோமாகம என்று சனம் நிறைந்த இடங்களுக்குள்ளால் போகிறது, ஆனால் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிர் ரயில்கள் விலகிப் போகும் இரண்டு கிராஸிங் நிலையங்களுக்கிடையே ஓட்டம் 10 நிமிடமென்றால், ஒரு ரயில் போய் எதிர் ரயில் வந்து லைன் விடுபட 22, 23 நிமிடம். அதற்குள் அதே திசையில் இன்னொன்றை விட முடியாது. ஒன்று தாமதித்தால் எதிரே வருவதும் நின்றுவிடும். புது ரயில்பெட்டி வாங்கி இது தீராது. நடுவில் ஒரு கிராஸிங் போட்டாலே இடைவெளி பாதியாகும். வளைவுகள் தண்டவாள அகலம் குறைவாயிருந்த பழைய குறும்பாதைக் காலத்தவை, அவற்றை நிமிர்த்தக் காணி எடுக்க வேண்டும். அது நீண்ட வேலை.

வீதியில் பஸ்ஸுக்கென்றே கோடு போட்டு ஒதுக்கும் பஸ் ஒழுங்கைக்கோ பெயின்ட் செலவுதான். சிக்னல் உள்ள வீதியில் ஓர் ஒழுங்கையால் மணிக்கு 800 கார் போகும் என்று வையுங்கள். காருக்கு ஒன்றரைப் பேர், மொத்தம் 1,200. 60 பேரோடு நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மணிக்கு 3,600 பேர். 2017இல் கொழும்பில் பரீட்சித்தும் பார்த்தார்கள். ஆனால் இடது ஓரத்தில் கோடு போட்டால் கடை வாசலில் நிறுத்திய வான், இடப்பக்கம் திரும்பும் வாகனம், ஆட்டோ எல்லாம் அதே கோட்டுக்குள். பொலிஸார் நிற்கும் மணித்தியாலத்தில் மட்டும் அது பஸ் ஒழுங்கை. சந்திக்குச் சந்தி கமராவும், வாகனப் பதிவு முகவரிக்கே தபாலில் போகும் தண்டப் பத்திரமும், ஓரத் தரிப்புத் தடையும் சேர்ந்து வந்தால்தான் 138 நகரும்.