பிரிண்டர் சல்லிசு, இங்க் கட்டுபடியாகல! (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குன்னு மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கிப் போட்டோம். கருப்பு, கலர் ரெண்டு கேட்ரிட்ஜும் மாத்துனா அந்த வெலையில பாதி ஆயிருதுங்க. மூணு மாசத்துல முப்பது பேப்பர் கூட அடிக்கல, அதுக்குள்ள காலின்னு காட்டுது. மையை யாருங்க குடிக்கறது?
*ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை*

பதில்: பிரிண்டரேதாங்க குடிக்குது. ரொம்ப நாள் கழிச்சு ஆன் பண்ணுனா கர்ர் கர்ர்னு ஒரு சத்தம் வருமே, அப்ப மை வெளிய வர்ற நாசில் (பொடி ஓட்டை) அடைச்சுக்கக் கூடாதுன்னு மையை உறிஞ்சி உள்ள இருக்கற பஞ்சுல துப்பிக்கிட்டு இருக்கு. டப்பாவுல இத்தன பேஜ் வரும்னு போட்டிருக்கறது நிறுத்தாம அடிச்சுப் பாத்த கணக்கு, நீங்க மாசத்துக்கு பத்து பேப்பர் அடிச்சா அந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்தே வராது. நம்ம பக்கம் வேற, மார்கழி தையில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப நமக்கே உதடு வெடிக்குது, தலைமுடிய விட சன்னமான அந்த ஓட்டை காயாம என்ன பண்ணும்.

சின்ன கேட்ரிட்ஜுல இருக்கறதே 5, 6 மில்லிதான், இருமல் மருந்து ஊத்தற ஸ்பூன் அளவு. போன வாரம் 'காலி'ன்னு சொன்ன ஒண்ணை ஸ்க்ரூ டிரைவர் போட்டு மூடியப் பேத்துப் பாத்தேன், உள்ள பூரா பஞ்சு, அழுத்துனா இன்னும் கசியுது, கை கருப்பு ரெண்டு நாள் போகல (வீட்ல வாங்குன திட்டு தனி). ஆனா ஒண்ணு நியாயமாச் சொல்லணும், இந்த மாதிரி சின்ன பிரிண்டர் பலதுல மையைத் தெளிக்கற ஹெட்டும் கேட்ரிட்ஜோடவே வருது, அதனால மாத்தறப்பல்லாம் புது ஹெட்டுக்கும் சேத்துத்தான் காசு குடுக்கறோம். மத்தபடி ரேசரை சல்லிசாக் குடுத்துட்டு பிளேடுல புடிக்கற அதே யாவாரம்தான்.

வாரத்துக்கு ஒரு கலர் பேஜ் அடிங்க. அணைக்கறப்ப செவுத்து சுவிட்ச்சைத் தட்டாம பிரிண்டர்லயே பட்டனை அமுக்குங்க, அப்பத்தான் ஹெட்டு போய் மூடிக்குள்ள உக்காரும். ஹெட்டோட வர கேட்ரிட்ஜ் அடைச்சுக்கிட்டா வெதுவெதுப்பான தண்ணியில டிஷ்யூவ நனைச்சு அதும்மேல ஒத்தி எடுங்க, கோடு மாதிரி மை எறங்குச்சுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்.

கேள்வி: கோயமுத்தூர் போனப்ப வேற கம்பெனி கேட்ரிட்ஜ் பாதி வெலைக்கு வாங்கிட்டு வந்தேன், நல்லாத்தான் ஓடுச்சு, ஒரு நாள் ஏதோ அப்டேட்டுன்னு வந்துச்சு, அன்னைல இருந்து ஏத்துக்கவே மாட்டேங்குது. நம்ம காசு குடுத்து வாங்குன மெஷின் தானே?
*ஒரு வாசகர், வேலந்தாவளம்*

பதில்: கேட்ரிட்ஜுல ஒரு சிப் இருக்கு, அத வச்சு ஆளப் பாத்து உள்ள விடுது. 2016 செப்டம்பர்ல எச்பி பிரிண்டர் பலதுல இப்படித்தான் வேற ஆளுங்க கேட்ரிட்ஜ் நின்னு போய் பெரிய ரகளையாச்சு, கம்பெனி மன்னிப்புக் கேட்டு அந்தப் பூட்டை எடுக்க வேற ஃபெர்ம்வேர் (பிரிண்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) குடுத்தாங்க. 2017ல லெக்ஸ்மார்க்ங்கற பிரிண்டர் கம்பெனி கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஒரு தடவ வித்துட்டா அந்தக் கேட்ரிட்ஜ் மேல பேட்டண்ட் உரிமை கொண்டாட முடியாதுன்னு சொல்லிருச்சு. ஆனா சிப் வைக்கக் கூடாதுன்னு சொல்லலயே, அங்கதான் இருக்கு சூட்சுமம். நீங்க கேக்கறது நியாயம்தான். ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணி வைங்க, கேட்ரிட்ஜை கடைக்காரர்கிட்டயே குடுத்து புது சிப் உள்ளதா மாத்தித் தரச் சொல்லுங்க.

கேள்வி: டேங்க் பிரிண்டரா, லேசரா? ட்யூஷன் எடுக்கறேன், கொஸ்டின் பேப்பர் நெறைய அடிக்கணும்.
*ஒரு வாசகி, சித்தூர்*

பதில்: தினமும் அடிப்பீங்கன்னா யோசிக்காம டேங்க், அதாவது பாட்டில் மையை ஊத்திக்கற பிரிண்டர். மொதல்ல கைய கடிக்கும், ஆனா எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மில்லிக்கு 4500 பேஜ் வரைக்கும்னு கம்பெனி கணக்கு, அதுல பாதி வந்தாலும் கேட்ரிட்ஜ் அதுகிட்ட நிக்க முடியாது. கருப்பு மட்டும் போதும், லீவுல மாசக்கணக்கா தொடவே மாட்டேன்னா லேசர். டோனர் வெறும் பொடி, அதுல காயறதுக்கு ஒண்ணுமில்ல.

முதல் கேள்வி கேட்ட அக்காவுக்கு: உங்க முப்பது பேப்பருக்கு அக்ஷயா சென்டரோ (கேரள அரசோட இ-சேவை மையம்) ஜெராக்ஸ் கடையோ போதுங்க.